அக்கா ஐஸில் நிற்கக் கற்றது

என் அக்கா பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பல் பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்ப்பாள். "ஊர் வாயெல்லாம் என் கையிலதான்" என்பாள். சொந்த வாயை மட்டும் அதிகம் திறக்க மாட்டாள். எங்கள் வீட்டில் பேசுவதற்கென்று என்னைப் பெற்றிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவள் நாற்பத்து நாலாவது வயதில் ஒரு சாயங்காலம், ஏப்ரனில் வெள்ளைத் தூளோடு சமையலறை வாசலில் வந்து நின்று, "நான் ஐஸ் ஸ்கேட்டிங் கத்துக்கப்போறேன். தனியா கோச் வச்சு" என்றாள்.

"முதல்ல உனக்கு ஒரு செட் பல் செஞ்சு வச்சுக்க. அப்புறமா போய் விழு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இருபது வயதுப் பையன் பிரேக்கை மறந்துவிடுவான். நாற்பது வயதுக்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அக்காவின் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "ஐம்பதுக்கு இன்னும் வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றப் போனாள்.

காரணம் எனக்குத் தெரியும். காரணத்தின் பேர் அரிசி. அக்காவின் ஒரே மகள். முதல் பல் முளைத்தபோது அது அரிசிமணி அளவுக்கு இருந்தது என்று அக்காதான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வேறு பேர். வீட்டுக்கு அவள் அரிசி.

அரிசி ஆறு வயதிலிருந்து ஐஸில் கிடந்தவள். விடிவதற்குள் எழுந்து அக்கா அவளை அரங்கத்துக்குக் கூட்டிப்போவாள். போய், மரப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து தூங்குவாள். ஸ்கேட்டிங்கில் அவளுக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. மகள் சுற்றினால் கை தட்டுவாள், விழுந்தால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். பிறகு அக்காவும் மாமாவும் பிரிந்தார்கள். முன்னாள் மாமா ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்துக்கு மாற்றலாகிப் போய், அங்கே இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். அந்த நகரத்தில் பெரிய அரங்கம் இருந்தது, பேர் பெற்ற கோச் இருந்தார். பன்னிரண்டு வயது அரிசி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸ்கேட்டிங்குக்காக மட்டும்தாம்மா. அது முடிஞ்சதும் வந்துடுவேன்" என்றாள்.

அக்கா அனுப்பினாள். நான் கூடாது என்றேன், சண்டை போட்டேன். "அவ ஆசையில நான் மண்ணள்ளிப் போடணுமா? ஸ்கேட்டிங்குக்காகத்தானே போறா" என்றாள் அக்கா. அந்த "ஸ்கேட்டிங்குக்காகத்தானே" என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். யார் கேட்டாலும் அதையே சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிச்சியா, படிச்சேன். பிராக்டிஸ் எப்படிப் போகுது, நல்லாப் போகுது. அதற்குமேல் அக்காவுக்குக் கேட்கத் தெரியாது, அரிசிக்குச் சொல்லத் தோன்றாது. போனை வைத்துவிட்டு அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை என்னிடம், "அவ ஏதோ எட்ஜுன்னு சொன்னா. எனக்குப் புரியல. புரியலன்னதும் சரிம்மான்னு வச்சுட்டா" என்றாள். அதற்கு அடுத்த வாரம்தான் போய்ப் பேர் கொடுத்தது.

கோச்சுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வாயில் எப்போதும் சூயிங்கம். முதல் நாளே அக்காவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். அக்காவுக்கு அன்று விழுந்த அடிகளைவிட அதுதான் வலித்தது. நான் மரப்படியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

முதல் பாடம் நிற்பது கூட இல்லை, விழுவது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு விழ வேண்டும். பிறகு மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, அந்த முழங்காலில் இரண்டு கையையும் அழுத்தி எழ வேண்டும். "ஆன்ட்டி, விழத் தெரிஞ்சவங்கதான் பயப்படாம போவாங்க. மறுபடி விழுங்க" என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல அக்கா விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள். வாழ்க்கையில் இதற்கெல்லாம் தனியாக ஆள் வைத்துக் கற்றுக்கொண்டவள் என் அக்கா ஒருத்திதான்.

பாடம் முடிந்து ஸ்கேட்டிங் பூட்ஸைக் கழற்றியதும் கோச் இன்னொன்றும் சொன்னாள். பூட்ஸின் அடியில் இருக்கும் பிளேடை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஐஸிலிருந்து பெஞ்சுக்கு நடந்து வரும்போது போடுகிற பிளாஸ்டிக் உறையோடு பையில் போட்டுவிடக் கூடாது, ஈரம் உள்ளேயே நின்று துரு ஏறிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோகத் துணி உறை வேறு. "தினம் ஸ்கேட் பண்றவங்க பிளேடுல துருவே இருக்காது. அதைப் பாத்தே ஆளைச் சொல்லிடலாம்" என்றாள். அக்கா தலையாட்டினாள். கருவி விஷயத்தில் அவளுக்குப் பாடமே தேவையில்லை, லேபில் தன் கத்திகளை அவள் அப்படித்தான் வைத்திருப்பாள். பிளேடின் முனையில் ரம்பப்பல் வெட்டியிருப்பதைத் தடவிப் பார்த்து, "இங்கயும் பல்லா" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிசி போன் செய்தபோது அக்கா விஷயத்தைச் சொன்னாள்.  அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு இருக்கிறதே, தள்ளி நின்றிருந்த என் காதுக்கே வந்தது.

"நீயாம்மா? நிஜமாவா? விழுந்தியா?"

"எண்ணவே முடியாதுடா."

"காலைப் பாத்துக்கிட்டே போயிருப்பே. காலைப் பாக்காதம்மா, எங்க போகணுமோ அங்க பாரு."

சாப்பிட்டியாவும் படிச்சியாவும் அன்றோடு ஒழிந்தன. ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா போனைச் சார்ஜரில் செருகி வைத்துக்கொண்டே பேசுவாள். ஒற்றைக் காலில் வழுக்கிப் போவது, காலைப் பிறை மாதிரி விரித்து மூடிப் பின்னால் போவது, எல்லாவற்றையும் மகளிடம் ஒப்பிப்பாள். எட்ஜ் என்றால் என்ன என்று இப்போது அவளுக்குத் தெரியும். பிளேடின் அடியில் நடுவே பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. எந்த விளிம்பில் சாய்கிறோமோ அந்தப் பக்கம் கால் வளைந்து போகும். உள்விளிம்பில் சாய எல்லோருக்கும் தைரியம் வரும், இன்னொரு கால் தாங்கிக்கொள்ள இருக்கிறது. வெளிவிளிம்பில் சாயும்போது பக்கத்தில் ஒன்றும் இருக்காது. "அங்கதாம்மா எல்லாரும் பயப்படுவாங்க. நானும் பயந்தேன்" என்று அரிசி சொன்னதை அக்கா என்னிடம் வந்து மூன்று முறை சொன்னாள். மகள் தன் பயத்தை அம்மாவிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அரிசியும் தன் பக்கத்துக் கதையைச் சொல்லுவாள். ரெட்டைச் சுற்று ஜம்ப் வந்துவிட்டது என்று ஒரு வாரம் சொன்னாள். அக்கா மறுநாள் லேப் முழுக்க அதைச் சொல்லி, அச்சு கொண்டுவந்த பையனுக்குக் கூட எழுந்து நின்று கையால் சுற்றிக் காட்டினாளாம்.

அக்காவுக்குக் கோச் கற்றுக்கொடுத்ததில் பெரிய விஷயம் "மூணு". வெளிவிளிம்பில் முன்னால் போய், அதே காலில் நின்றபடி பின்பக்கமாகத் திரும்பிவிட வேண்டும். ஐஸில் மூணு என்ற எண் எழுதியது போலத் தடம் விழும். தோள் முதலில் திரும்ப வேண்டும், இடுப்பு பின்னால் வரும், திரும்பிய நொடியில் தோளை இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் உடம்பு சுற்றிக்கொண்டே போய்க் குப்புறத் தள்ளிவிடும். மாதக்கணக்கில் அது அக்காவைத் தள்ளியது. இடுப்பில் கருநீலமாகக் கன்றிப்போயிருக்கும். நான் தைலம் தேய்த்துக்கொண்டே திட்டுவேன். "யானைக்கும் அடி சறுக்கும்" என்பாள். "யானை பேர் கொடுத்துட்டுப் போய்ச் சறுக்காது" என்பேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாள் பிடித்துவிட்டாள். இடது காலில் மட்டும்தான், ஆனால் பிடித்துவிட்டாள். கோச் சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக, மெதுவாக, என்னை நோக்கி வழுக்கி வந்தாள். நான் அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

லீவுக்கு அரிசி வருவதாக இருந்தது. அக்கா அரங்கத்தில் காலையில் கூட்டமில்லாத நேரமாகக் கேட்டு வைத்தாள். மகளோடு கைகோத்து ஒரு சுற்று, பிறகு மூணு. அதைக் காட்டிவிட்டு ஒன்று கேட்கப்போவதாக என்னிடம் சொன்னாள். "இங்கயும் இப்ப நல்ல கோச் இருக்கா. வந்துடறியான்னு கேக்கப்போறேன். முன்னாடி கேட்டிருந்தா அம்மாவுக்கு என்ன தெரியும்னு நினைச்சிருப்பா. இப்ப கேக்கலாமில்ல?" என்றாள். கேட்கலாம் என்றேன். வருடம் முழுவதும் அவள் விழுந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அரிசி வந்து இறங்கினாள். அம்மாவைவிட அரைத்தலை உயரம். ரயிலடியில் என்னைப் பார்த்து, "என்ன சித்தி, இளைச்சுட்டே" என்று பொய் சொன்னாள். வீட்டில் இரண்டு நாள் சிரிப்பும் கூத்துமாகப் போயிற்று. அம்மாவைக் கூடத்தில் நிற்கவைத்துத் தோளைப் பிடித்துத் திருப்பி, "இங்க நிறுத்தணும், இங்க" என்று காட்டினாள். மூன்றாம் நாள் காலை அரங்கத்துக்குப் போனோம்.

பூட்ஸ் மாட்டும் பெஞ்சில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் எதிரே நின்றேன். அக்கா துணி உறையைக் கழற்றினாள். அவள் பிளேடு பளிச்சென்று இருந்தது. அரிசி பையிலிருந்து தன் பூட்ஸை எடுத்தாள். பிளேடில் பிளாஸ்டிக் உறை. அவள் அதைச் சாதாரணமாக உருவினாள்.

உள்ளே பழுப்பாகத் துரு. நேற்று முந்தாநாள் துரு இல்லை. விளிம்பு முழுக்கப் பொரிந்து, உறையின் உள்ளேயும் ஒட்டியிருந்தது.

அரிசி ஒன்றும் ஒளிக்கவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். போன வருடத்து அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. பூட்ஸுக்குள் காலைத் திணிக்கும்போது அவள் முகம் சுளித்தது. கால் வளர்ந்துவிட்டிருந்தது. தினம் பயிற்சி செய்கிற பெண்ணுக்கு இதற்குள் புது பூட்ஸ் வாங்கியிருப்பார்கள். அக்கா அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் லேஸைக் கட்டினாள். கட்டியதை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

இருவரும் ஐஸில் இறங்கினார்கள். துருப்பிடித்த பிளேடோடும் அந்தப் பெண் அழகாகத்தான் போனாள். ஒரு சுற்று கைகோத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது சுற்றில் அரிசிக்கு மூச்சு வாங்கியது. ரெட்டைச் சுற்றை அவள் செய்யவும் இல்லை, அக்கா கேட்கவும் இல்லை.

"மூணு காட்டும்மா" என்றாள் அரிசி.

அக்கா காட்டினாள். சுத்தமாக வந்தது. தோள் நின்றது. அரிசி கத்திக் கை தட்டிக்கொண்டு போய் அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். நான் படியிலிருந்து இறங்கித் தடுப்புப் பலகை வரைக்கும் போய்விட்டேன். அதனால்தான் எனக்குக் கேட்டது.

"எப்ப விட்டே?" என்று அக்கா கேட்டாள்.

அரிசி கையை எடுத்தாள். "என்னம்மா?"

"ஸ்கேட்டிங். எப்ப விட்டே?"

பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். முகம் அப்படித்தான் தயாரானது. பிறகு அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "போன மழைக்காலத்துல" என்றாள். அக்கா அப்போது ஒற்றைக் காலில் நிற்கவே கற்றிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால்வாசி அதற்கு அப்புறம் வந்தவை.

"அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. ஒருநாள் காலையில பிடிக்காம போயிடுச்சு. அவ்வளவுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் திட்டவா போறேன்?"

"திட்ட மாட்டே." அரிசி அழ ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "வீட்டுக்கு வான்னு சொல்வே."

அக்கா அசையாமல் நின்றாள். ஐஸில் அசையாமல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று கோச் சொல்லியிருக்கிறாள்.

"அங்க தம்பிப் பாப்பா இருக்கான்மா. நான் ஸ்கூல்லேர்ந்து வந்தா சத்தம் கேட்டுத் தவழ்ந்து வாசலுக்கு வருவான். என் ஃபிரெண்ட்ஸ் அங்க இருக்காங்க. எனக்கு உன்னைப் பிடிக்காமலா? நீ விழுந்தேன்னு சொல்றதைக் கேக்கறதுக்கு வாரம் பூரா காத்துக்கிட்டு இருப்பேம்மா. அது பொய்யில்ல. ஆனா நிஜத்தைச் சொன்னா அந்த வீட்டுல நான் இருக்கறதுக்கு என்ன காரணம் சொல்வேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? பலகையைத் தாண்டிப் போய் அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. என் காலில் செருப்புதான் இருந்தது, அதனால் பிழைத்தாள். இன்று யோசித்தால் கல் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாலு வயதுப் பெண், இரண்டு வீட்டையும் சேதமில்லாமல் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, என் அக்காமேல்தான் வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். ஒரு வருடம் ஆள் வைத்து, அடிபட்டு, தைலம் தேய்த்துக் கற்றுக்கொண்டது கடைசியில் ஒரு துருவை அடையாளம் காணத்தான் உதவியது. கற்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் சந்தோஷமாக ஏமாந்திருப்பாள்.

அக்கா கையுறையைக் கழற்றி மகளின் மூக்கைத் துடைத்தாள். "வான்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "கால் வலிக்குதில்ல? பூட்ஸ் சின்னதாயிடுச்சு. வா, கழட்டலாம்."

கேட்க வைத்திருந்த கேள்வியை அவள் கேட்கவில்லை. மீதி லீவில் ஒருநாள் கூட ஸ்கேட்டிங் பேச்சு எழவில்லை. அரிசி பாப்பாவின் படங்களைப் போனில் காட்டினாள். அக்கா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, "கீழ்ப்பல்லு ரெண்டும் வந்துடுச்சே, மேல்பல்லு அடுத்த மாசம் வந்துடும்" என்றாள். ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று என் படுக்கையில் வந்து படுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கல்யாணம் முறிந்தபோது கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. 

அதற்குப் பிறகு ஒரே ஒருநாள் அரங்கத்துக்குப் போனாள். பூட்ஸை மாட்டி, லேஸைக் கட்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கோச் எனக்குப் போன் செய்து, "ஆன்ட்டி ஏன் வர்றதில்ல? வலது கால் மூணு ஆரம்பிக்கணுமே" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். அந்தப் பெண் சூயிங்கம் இல்லாத குரலில், "அவங்க இல்லாம போரடிக்குது, வரச் சொல்லுங்க" என்றாள். நான் அக்காவிடம் சொன்னேன். "எதுக்குடி?" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிச்சியா, படிச்சேன். பாப்பா நல்லா இருக்கானா, இருக்கான். அதோடு அக்காவிடம் கேள்வி தீர்ந்துபோயிற்று.

"அம்மா" என்றாள் அரிசி, பயந்த குரலில். "நீ இன்னும் போறியா? ஸ்கேட்டிங்குக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"போறேனே. வலது கால்ல மூணு ஆரம்பிச்சிருக்கோம்."

"நிஜமாவா? வலது கால் கஷ்டம்மா. விழுந்தியா?"

"விழாமலா? முதல் தடவை குப்புற விழுந்தேன். கோச் ஓடி வந்தா. ரெண்டாவது தடவை பாதி வரைக்கும் வந்தேன்."

"தோளை நிறுத்தியிருக்க மாட்டே." அரிசியின் குரல் ஏறிவிட்டது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இப்ப எழுந்து நில்லு. நின்னியா? இடது கையை முன்னாடி வை..."

அக்கா எழுந்து நின்றாள். மேஜை பக்கத்தில், வீட்டுச் செருப்போடு, இடது கையை முன்னால் நீட்டினாள். அந்தப் பக்கம் குழந்தை எதையோ இழுத்துக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"அய்யோ, பாப்பா விளக்கை இழுத்துட்டான். இரும்மா, வந்துடறேன், வச்சுடாத" என்று அரிசி ஓடினாள். போனில் கதவும், அவள் சிரிப்பும், யாரோ ஒரு பெண் அவளைக் கூப்பிடும் குரலும் தூரத்தில் கேட்டன.

"வைக்கலடா, இங்கதான் இருக்கேன்" என்றாள் அக்கா. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அவள் நீட்டிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.